தறிக்கூடத்துக் கணினிக்குக் காவல் வேலை: பழைய கணினியை வீட்டு ஃபயர்வாலாக மாற்றும் வழி

சேலம் அம்மாப்பேட்டையில் என் மாமாவின் விசைத்தறிக் கூடத்தில் பத்து வருடம் பாவுக் கணக்கும் கூலிக் கணக்கும் பார்த்த கணினி ஒன்று, புதியது வந்ததும் பரணுக்குப் போனது. பழைய இரும்புக்காரர் அதற்கு முந்நூறு ரூபாய் சொன்னார். கொடுக்க மனமில்லாமல் நான் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். இன்று அது ஃபயர்வாலாக, அதாவது காவல்காரனாக, எங்கள் இணைய இணைப்பின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, யார் உள்ளே வருகிறார்கள், அதைவிட முக்கியமாக யார் வெளியே போகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருக்கிறது.

வெளியே போவதை ஏன் பார்க்க வேண்டும்? முதல் நாள் இரவு பதிவேட்டைத் திறந்தபோது எனக்கே புரிந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகும், வாசல் கேமராவின் பதிவுப் பெட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறை எங்கோ ஓர் அயல்நாட்டு முகவரியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அது வேவு பார்த்தது என்று நான் சொல்லவில்லை. உடல்நலம் விசாரிப்பதுபோல் தன் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வீட்டிலிருந்து என்னைக் கேட்காமல் ஒருவர் தினமும் கடிதம் போடுகிறார் என்றால், அதை அறிந்திருக்கும் உரிமை எனக்கு உண்டு.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு இது வேண்டுமா?

வீட்டில் இரண்டு போன், ஒரு மடிக்கணினி மட்டும்தான் என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரே வெளியிலிருந்து தானாக வரும் இணைப்புகளைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதன் கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்து வைத்தால் போதும்.

கேமராவும் அதன் பதிவுப் பெட்டியும், இணையத்தோடு இணையும் டிவியும், மலிவாக வாங்கிய வைஃபை பிளக்குகளும் இருக்கும் வீடுகளுக்குத்தான் இது. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பரவியபோது பிடித்துக்கொண்டது இப்படிப்பட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும்தான். பெரிய மந்திரம் எதுவும் அதனிடம் இல்லை. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று தளங்களின் பெயரைக் கேட்டு அவற்றின் எண் முகவரியைச் சொல்லும் பெயர்ச்சேவையை நடத்தும் டைன் என்ற நிறுவனத்தை அந்தக் கேமராப் படை முற்றுகையிட்டதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பல மணி நேரம் திணறின.

அடுத்தது மின்சாரக் கணக்கு. இதை யாரும் முதலில் சொல்வதில்லை. மாமாவின் கணினி சும்மா ஓடும்போது 42 வாட் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 1 யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அது சும்மா ஓடுவதாக நினைத்துவிடாதீர்கள். அந்த நூறை ஃபிரிட்ஜும் மின்விசிறியும் ஏற்கெனவே தின்றிருக்கும். உங்கள் பில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு என்றால், இந்த 60 உங்களை உயர்ந்த கட்டண வரிசைக்குத் தள்ளிவிடக்கூடும். பழைய மடிக்கணினி 15 வாட்டில் முடித்துவிடும், பேட்டரியும் கூடவே இருக்கிறது. ஆனால் அதில் நெட்வொர்க் துளை ஒன்றுதான். யூஎஸ்பியில் செருகும் நெட்வொர்க் துளையை நாள் முழுக்க நம்ப முடியாது என்பது என் அனுபவம்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்துக் கழுவிவிடுதல்

நான் பயன்படுத்துவது ஓப்பன்சென்ஸ். தேடும்போது ஓ, பி, என் என்ற மூன்று எழுத்துகளுக்குப் பிறகு சென்ஸ் என்று தட்டுங்கள். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின்மேல் கட்டப்பட்ட இலவச மென்பொருள் இது. பிஎஃப்சென்ஸ் என்ற மூத்த திட்டத்திலிருந்து பிரிந்து 2015 ஜனவரியில் முதல் பதிப்பாக வந்தது. மூத்ததும் நல்லதே. இளையதன் திரை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

64 பிட் செயலி, குறைந்தது இரண்டு கோர், 4 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் வீட்டுக்குத் தாராளம். 2 ஜிபியில்கூட ஓடும், ஆனால் இடுப்பில் கயிறு கட்டியதுபோல் ஓடும். பென்டியம் 4 காலத்துப் பெட்டி என்றால் இரும்புக்காரரையே கூப்பிடுங்கள். அது சேமிக்கும் பணத்தை மின்வாரியம் வாங்கிக்கொள்ளும்.

கழற்றிப் பார்த்தபோது சிபியு விசிறியின் கீழே பஞ்சு மெத்தைபோலப் படிந்திருந்தது. தறிக்கூடம் என்றால் அப்படித்தான். தூரிகையால் தட்டி, ஊதி எடுத்தேன். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பிறகு சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே காய்ந்து மண்ணாகிப் போயிருந்த பசையைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன். சேலத்து ஏப்ரலில் இந்த வேலையைத் தவிர்த்தவர் மே மாதம் வருந்துவார். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். பல வருடக் கணக்கு விவரங்கள் இருந்த டிஸ்க் என்பதால் அதை நான் மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரேமை மெம்டெஸ்ட் நிரலால் ஓர் இரவு முழுக்கச் சோதியுங்கள்.

இப்போது ஒரு சின்ன விஷயம், பெரிய தலைவலி: மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர்2032. பழைய கணினியில் அது பெரும்பாலும் செத்திருக்கும். செத்துப் போனால் ஒவ்வொரு மின்தடைக்கும், கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிடும், கடிகாரமும் பல வருடம் பின்னால் போய்விடும். கடிகாரம் தவறினால் பெயர்ச்சேவையின் கையொப்பச் சோதனை தோற்கும். பெயர் கிடைக்காவிட்டால் நேரம் சொல்லும் சர்வரைக் கண்டுபிடிக்க முடியாது. நேரம் கிடைக்காமல் கடிகாரம் திருந்தாது. இந்த வட்டத்தில் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். பத்து இருபது ரூபாய் பேட்டரிக்காக.

பேட்டரியை மாற்றியதும் பயாஸுக்குள் போய் இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். மின்சாரம் திரும்பியதும் தானே இயங்க வேண்டும் என்று வையுங்கள். விசைப்பலகை இல்லை என்று சொல்லி நின்றுவிடக் கூடாது என்றும் வையுங்கள்.

இரண்டாவது கார்டு, முடிந்தால் மூன்றாவது துளை

ஃபயர்வாலுக்கு இரண்டு துளைகள் கட்டாயம். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. வெளிப்பக்கத்தை வான் என்பார்கள், உள்பக்கத்தை லேன் என்பார்கள். வான் என்றாலும் ஆகாயத்தோடு அதற்கு உறவில்லை. நம் வீட்டுக் கூரைக்கு அப்பால் இருப்பதெல்லாம் அதில் அடக்கம் என்பதால் தமிழில் பெயர் பொருந்தித்தான் போகிறது.

நான் வாங்கியது சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் இரட்டைத் துளை இன்டெல் கார்டு. மதர்போர்டில் இருப்பதையும் சேர்த்தால் மூன்று துளைகள். மூன்றாவது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன், இந்தக் கட்டுரையின் உயிரே அதில்தான் இருக்கிறது. மதர்போர்டுகளில் பரவலாக இருக்கும் ரியல்டெக் துளை ஃப்ரீபிஎஸ்டியோடு அவ்வப்போது பிணங்கும். அதற்கென ஓப்பன்சென்ஸில் தனி டிரைவர் செருகுநிரல் ஒன்று இருக்கிறது, நிறுவிக்கொண்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். கார்டு வாங்கும்போது பிசிஐ எக்ஸ்பிரஸ் தானா என்று பாருங்கள். பழைய பிசிஐ என்றால் மொத்தப் பாதையுமே நொடிக்கு 133 மெகாபைட்தான். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குப் போதும், கிகாபிட் இணைப்பு என்றால் மூச்சு வாங்கும். ஒல்லியான பெட்டி என்றால் குட்டைத் தகடு உள்ள கார்டைக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் வாங்கி, அரத்தால் ராவினேன்.

நிறுவுதல்

ஓப்பன்சென்ஸ் தளத்தில் விஜிஏ என்று குறித்திருக்கும் கோப்பை இறக்குங்கள். பென்டிரைவிலிருந்து நிறுவ அதுதான் ஏற்றது. கூடவே கொடுத்திருக்கும், கோப்பின் கைரேகை போன்ற ஷா256 எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காவல்காரனையே கள்ளப் பாதையில் வரவழைத்தால் என்ன பயன்? சுருக்கப்பட்ட கோப்பை விரித்து, ரூஃபஸ் அல்லது எட்சர் நிரல் மூலம் பென்டிரைவில் எழுதுங்கள். அதில் இருந்த பழைய படங்கள் எல்லாம் அழிந்துவிடும்.

பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கினால் கொஞ்ச நேரம் எழுத்துகள் ஓடி, உள்நுழையும் இடத்தில் நிற்கும். பயனர் பெயர் இன்ஸ்டாலர், கடவுச்சொல் ஓப்பன்சென்ஸ், இரண்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில். விசைப்பலகையைக் கேட்கும், பிறகு டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை இசட்எஃப்எஸ் அல்லது யூஎஃப்எஸ் என்று கேட்கும். இசட்எஃப்எஸ் தேர்ந்தெடுங்கள். திடீர் மின்தடையில் கோப்புகள் சிதையாமல் காப்பதில் அது கெட்டி. டிஸ்க்குகளை எப்படிச் சேர்ப்பது என்ற அடுத்த கேள்விக்கு, ஒரே டிஸ்க் என்பதால் ஸ்ட்ரைப். முடிவில் தலைமைப் பயனரான ரூட்டின் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும். அந்த இடத்தில் சோம்பல் படாதீர்கள். மிராய் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் துளை எது

முதல்முறை செய்பவர்கள் பாதிப் பேர் இங்கேதான் திணறுவார்கள். ஃப்ரீபிஎஸ்டி துளைகளுக்கு டிரைவரின் பெயரால் பெயர் வைக்கும். இன்டெல் என்றால் ஈஎம்0 அல்லது ஐஜிபி0, ரியல்டெக் என்றால் ஆர்ஈ0. பெட்டிக்குப் பின்னால் பார்த்தால் எல்லாத் துளைகளும் ஒரே மாதிரிதான். எல்லா வயர்களையும் பிடுங்கிவிட்டு, கறுப்புத் திரையின் பட்டியலில் 1ஐ அழுத்தித் துளை ஒதுக்கீட்டைத் தொடங்குங்கள். தானாகக் கண்டுபிடிக்கச் சொல்லும் வசதியில், கேட்கும்போது ஒரு துளையில் மட்டும் வயரைச் செருகினால் அது விழித்துக்கொண்டதைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடும். தெரிந்த உடனே ஒரு துண்டுத்தாளில் எழுதித் துளைக்கு மேலே ஒட்டுங்கள்.

அடுத்து பட்டியலில் 2. லேன் முகவரி இயல்பாக 192.168.1.1 என்று இருக்கும். உங்கள் ஃபைபர் பெட்டியும் பெரும்பாலும் அதே முகவரியில்தான் உட்கார்ந்திருக்கும். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? நான் 192.168.10.1 என்று மாற்றிக்கொண்டேன். பிறகு ஒரு மடிக்கணினியை லேன் துளையில் செருகி, உலாவியில் அந்த முகவரியைத் திறக்க வேண்டியதுதான். சான்றிதழ் நம்பகமற்றது என்று உலாவி பயமுறுத்தும். அந்தச் சான்றிதழை உங்கள் பெட்டியே எழுதிக்கொண்டது என்பதால், இந்த ஓர் இடத்தில் மட்டும் தாண்டிப் போகலாம்.

ஃபைபர் பெட்டியோடு பேச வைத்தல்

சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால்தான் நம் கணினிக்கு முழு அதிகாரம் கிடைக்கும். அப்போது ஃபைபர் பெட்டி ஒளியை மின்சாரமாக மாற்றித் தருவதோடு ஒதுங்கிவிடும். இதற்கு வாடிக்கையாளர் சேவை எண்ணைவிட, உங்கள் தெருவுக்கு ஃபைபர் இழுத்த கேபிள்காரர்தான் சரியான ஆள். எங்கள் கேபிள்காரர் முதலில் “எதற்கு சார் வீண் வேலை” என்றார். பெட்டியைக் காட்டி விளக்கியதும் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு, தன் அலுவலகத்துக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்.

மாற்றிய பிறகு வான் பக்கத்தில், பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி இணையும் முறையான பிபிபிஓஈ தேர்ந்தெடுத்து, அவர் தரும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இடுங்கள். இணைப்பு வராவிட்டால் இரண்டு காரணங்களை முதலில் சந்தேகியுங்கள். ஒன்று, சில நிறுவனங்கள், ஒரே வயரில் போக்குவரத்தைப் பிரித்து வைக்கும் விலேன் எண் ஒன்றைக் கேட்கும், அதையும் கேபிள்காரரிடமே வாங்குங்கள். மற்றது, முன்பு இருந்த ரவுட்டரின் மேக் முகவரியை, அதாவது அதன் பிறவி அடையாள எண்ணை, அவர்கள் பூட்டி வைத்திருக்கலாம். பழைய ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் அந்த எண்ணை வான் பக்கத்தில் மேக் முகவரிக் கட்டத்தில் எழுதினால் கதவு திறந்துவிடும். இணைப்பு வந்தும் சில தளங்கள் திறந்து, சில தளங்கள் பாதியில் தொங்கினால், ஒரு தகவல் பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியூ 1492 என்று இருக்கிறதா பாருங்கள்.

பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தர மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. அப்போது ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நம் கணினியை வைத்து, வான் பக்கத்தை டிஎச்சிபி, அதாவது முகவரியைத் தானாகக் கொடுத்து வாங்கும் முறை, என்று விடுங்கள். அங்கேயே தனி முகவரிகளைத் தடு என்று ஒரு குறி இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். நம் வான் முகவரியே 192.168 போன்ற, வீட்டுக்குள் மட்டும் செல்லும் அந்த வகையாகிவிட்டதால் அந்தக் குறி இருப்பது குழப்பம்தான் தரும். வீட்டு முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு முறை நடக்கும் என்பதைத் தவிர அன்றாடப் பயன்பாட்டில் பெரிய குறை தெரியாது.

பழைய ரவுட்டருக்குப் பதவி இறக்கம்

கணினிக்குள் வைஃபை கார்டு போட ஆசைப்படாதீர்கள். பழைய ரவுட்டரே வைஃபையைப் பார்த்துக்கொள்ளட்டும். அதன் டிஎச்சிபியை அணைத்து, முகவரியை 192.168.10.2 என்று மாற்றி, நம் பெட்டியிலிருந்து வரும் வயரை அதன் லேன் துளை ஒன்றில் செருகுங்கள். நிறம் மாறித் தனித்து நிற்கும் இணையத் துளையில் செருகக் கூடாது. பலரும் அதில்தான் செருகுவார்கள்.

கேமராவுக்குத் தனி அறை

இனி மூன்றாவது துளை. இதற்கு முன் செய்ததெல்லாம் இதற்கான ஏற்பாடுதான். மூன்றாவது துளையைச் செயல்படுத்தி, கேம் என்று பெயரிட்டு, 192.168.30.1 என்ற முகவரி கொடுத்தேன். அதில் டிஎச்சிபியும் இயக்கினேன். ஒரு சிறிய நெட்வொர்க் ஸ்விட்ச் வழியாகக் கேமராக்களும் பதிவுப் பெட்டியும் அந்தத் துளைக்குப் போய்விட்டன.

ஓப்பன்சென்ஸில் லேன் பக்கத்துக்கு எல்லாவற்றையும் அனுமதிக்கும் விதி பிறவியிலேயே உண்டு. புதிதாகச் சேர்க்கும் துளைக்கு ஒரு விதியும் கிடையாது. விதி இல்லையென்றால் அனுமதியும் இல்லை. ஆக, நீங்கள் எதையும் எழுதாமல் விட்டாலே கேமராவால் இணையத்துக்கும் போக முடியாது, உங்கள் மடிக்கணினியையும் தொட முடியாது. நீங்கள் மட்டும் லேனிலிருந்து பதிவுப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம், ஏனென்றால் கேட்டவருக்குப் பதில் சொல்லும் பாதையை ஃபயர்வால் தானே நினைவில் வைத்துக்கொள்கிறது. புதிய முகவரிமுறையான ஐபிவி6 வழியாகக் கேமரா நழுவிப் போகுமோ என்ற கவலையும் இல்லை. அதற்கும் விதி எழுதவில்லையே!

ஒரே ஒரு விதி எழுதினேன். கேமரா வலையிலிருந்து 192.168.30.1இன் 123ஆம் எண் போர்ட்டுக்கு, அதாவது நேரச் சேவையின் கதவுக்கு, யூடிபி வகைப் போக்குவரத்து அனுமதி. இது நேரம் கேட்பதற்கு. பதிவுப் பெட்டியின் நேர சர்வராக இதே முகவரியைக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திருடன் நேற்று வந்ததாகப் பதிவாகும். விதிகள் மேலிருந்து கீழே படிக்கப்படும், பொருந்தும் முதல் விதியே தீர்ப்பு. பின்னால் நீங்கள் விதிகளைச் சேர்க்கும்போது இந்த வரிசையை மறக்காதீர்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. வெளியூரிலிருந்து போன் செயலியில் கேமராவைப் பார்ப்பது நின்றுவிடும். எங்களுக்குக் கேமரா பொருத்திய ஆள், பழைய ரவுட்டரில் 8000ஆம் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். வசதிதான், வாசற்கதவைச் சாத்தாமல் தூங்குவதும் வசதிதான். பதிலாக வயர்கார்டு வைத்தேன். போனிலிருந்து வீட்டுக்குப் பூட்டிய சுரங்கம் ஒன்று. பழைய ஐ3 செயலிகளில் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான வன்பொருள் உதவி இருக்காது, ஆனால் வயர்கார்டு சாசா20 முறையைப் பயன்படுத்துவதால் அதனால் பாதிப்பில்லை.

வயர்கார்டு வைக்கும் முன் வான் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து பழைய முகவரிமுறையான ஐபிவி4 வழியாக உங்கள் வீட்டைத் தட்ட முடியாது. ஐபிவி6 வழியாக முயலலாம், நிலையான முகவரிக்குத் தனிக் கட்டணம் கட்டலாம், அல்லது பொது முகவரி இல்லாமலே வீட்டோடு இணைக்கும் டெயில்ஸ்கேல் செருகுநிரலை நிறுவலாம்.

விளம்பரமும் வேண்டாததும்

அன்பவுண்ட் என்ற பெயர்ச்சேவை உள்ளேயே வருகிறது. அதன் தடுப்புப் பட்டியல் பக்கத்தில் ஒன்றிரண்டு பட்டியல்களைத் தேர்ந்தெடுத்தால் வீட்டில் எல்லாச் சாதனங்களிலும் விளம்பரம் குறையும். பேராசைப்பட்டுப் பத்துப் பட்டியல் சேர்த்தேன், மறுநாள் அத்தைக்குக் காஸ் சிலிண்டர் பதிவு செய்யும் தளம் திறக்கவில்லை. யூடியூப் விளம்பரம் இதனால் போகாது.

தாக்குதல் கண்டறியும் சூரிகாட்டாவை இயக்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். 4 ஜிபி பழைய பெட்டியில் வேண்டாம். வீட்டுப் போக்குவரத்தில் பெரும்பகுதி குறியாக்கத்துக்குள் போவதால் அது உள்ளே பார்க்கக்கூடியது குறைவு, சூடாவது அதிகம்.

மின்தடையும் இடியும்

எல்லாம் முடிந்ததும் மெயினை அணைத்துப் பாருங்கள். மின்சாரம் வந்து ஐந்து நிமிடத்தில், யாரும் தொடாமல், இணையம் திரும்ப வேண்டும். வரவில்லையென்றால் பேட்டரி, பயாஸ் பகுதியை மறுபடி படியுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்திருந்தால் அதில் யூபிஎஸ் முறைக்கான ஸ்விட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். சாதாரண முறையில் அது மாறிக்கொள்ள எடுக்கும் கணப்பொழுதில் கணினி அணைந்துவிடும், மின்விசிறிக்குத்தான் அது தெரியாது.

ஏற்காட்டில் அத்தை வீட்டுக்கும் இப்படி ஒன்று அமைத்தேன். மேலே சூட்டுத் தொல்லை இல்லை, ஈரமும் இடியும்தான். ஃபைபரில் மின்சாரம் பாயாது என்ற தைரியத்தில், வீட்டிலிருந்து காப்பித் தோட்டத்து ஷெட்டுக்கு வெட்டவெளியில் செம்பு நெட்வொர்க் வயர் இழுத்துவிட்டேன். சித்திரை மழையின் முதல் இடியிலேயே அந்தத் துளை கருகியது. கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு என்றால் அதற்கும் ஃபைபரே போடுங்கள்.

அமைப்புகளின் நகலை எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள். வேறொரு கணினியில் அதை ஏற்றித் துளைப் பெயர்களை மட்டும் மாற்றினால் அரை மணியில் வீடு பழைய நிலைக்கு வந்துவிடும். ஜனவரியிலும் ஜூலையிலும் பெரிய பதிப்பு வரும், இடையிடையே சிறியவை. பெரியதை வந்த அன்றே போடாமல் இரண்டு வாரம் பொறுப்பது என் வழக்கம்.

நான் ஊரில் இல்லாதபோது பெட்டி நின்றுவிட்டால்? இன்னொரு பழைய சின்ன ரவுட்டரில் அதே பிபிபிஓஈ விவரமும் அதே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அதன்மேல் ஒட்டிய தாளில் மூன்று வரிகள்: கறுப்புப் பெட்டியிலிருந்து நீல வயரைப் பிடுங்கவும். இதன் மஞ்சள் துளையில் செருகவும். சுவிட்சைப் போட்டு ஐந்து நிமிடம் பொறுக்கவும். நான்காவது வரியை அம்மா தன் கையெழுத்தில் சேர்த்திருக்கிறார்: நீல வயர் தூசு படிந்து சாம்பல் நிறமாகிவிட்டது, பார்த்துப் பிடுங்கவும்.